கல்வி விரும்பன் எழுதிய மடல்

(இராமநாதபுரத்தில் நிகழ்ந்த திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தமிழரின் தொல் மருத்துவம்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருந்தனர். அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சிட்டுள்ளனர். நான் அத்தலைப்பை விட்டுச் சற்றே விலகிப் பேசப் போகிறேன், பொறுத்தருளல் வேண்டும். தடுப்பூசியைப் பற்றிப் பேசப் போகிறேன். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு ஊசியோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது. கடன்கூட இருக்கிறது. அதனை இறுதியில் அன்று, இடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் இடக்கையில், தோளுக்குக் கீழே, காசளவு தழும்பு ஒன்று உண்டு. ஐம்பதைக் கடந்தோர் இந்த அவையில் பலர் இருக்கின்றீர்கள். உங்கள் கைகளைப் பாருங்கள்; அதே தழும்பு இருக்கும். உங்கள் பிள்ளைகளின் கைகளில் அது இராது. அம்மை குத்துபவர் வருகிறார் என்றால் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் பனங்காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வோம். என்னை என் அத்தைதான் இழுத்துக்கொண்டுபோய்க் கையை நீட்டச் செய்தார். அவருக்கு ஒரு கண் இல்லை. சிறுமியாய் இருந்தபோது பெரியம்மை வந்து ஒரு கண்ணைக் கொண்டுபோயிற்று. முகம் முழுவதும் குழிகள். 'ஆத்தா ஒரு கண்ணை எடுத்துக்கிட்டு உசிரை விட்டுட்டுப் போனா' என்பார். அவர் மாரியைத் தொழுபவர். ஆடியில் கூழ் ஊற்றாத ஆண்டில்லை. ஆயினும் ஊசி குத்துபவரைக் கண்டதும் எங்களை இழுத்துக்கொண்டு ஓடியவரும் அவரே. நம்பிக்கையும் அறிவும் ஒரே நெஞ்சில் சண்டையின்றிக் குடியிருக்க முடியும் என்பதை எனக்குக் காட்டிய முதல் ஆசிரியர் எழுத்தறியாத என் அத்தைதான்.

அந்தப் பெரியம்மை இன்று உலகில் இல்லை. 1974ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,88,000 பேர்க்கு அந்நோய் கண்டது; 31,000 பேருக்கு மேல் இறந்தனர். பீகாரை அந்நோய் கடுமையாய்த் தாக்கிய ஆண்டு அது. மறு ஆண்டு மே திங்களில் இந்தியாவின் கடைசி நோயாளி காணப்பட்டார். 1975 அக்தோபரில் வங்காளதேசத்துப் போலா தீவில் இரகீமா பானு என்னும் சிறுமி. 1977 அக்தோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரில் அலி மாவ் மாலின் என்னும் மருத்துவமனைப் பணியாளர். அவரோடு இயற்கையாய்ப் பரவிய பெரியம்மை முடிந்தது. 1980 மே திங்களில் உலக நலவாழ்வு நிறுவனம் அதனை உலகுக்கு அறிவித்தது. மாந்தனைப் பிடித்த நோய்களுள் முற்றாக ஒழிக்கப்பட்டது இன்றுவரை அது ஒன்றுதான்.

நம் மொழி இந்நோய்களுக்கெல்லாம் எவ்வளவு அழகான பெயர்களை வைத்திருக்கிறது, பாருங்கள். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை. நம் பக்கத்துத் தாய்மார்கள் மணல்வாரி என்பர், மணலை வாரி இறைத்தாற்போல் மேனியெங்கும் பொரிவதால். கக்குவான், தொண்டை அடைப்பான், இளம்பிள்ளைவாதம், என்புருக்கி. நோயின் குறியைக் கண்டவன் வைத்த பெயர்கள். ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் எளியதுதான். இலத்தீனில் 'வாக்கா' என்றால் ஆ. 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் எட்வர்டு சென்னர் என்னும் ஆங்கில நாட்டு ஊர் மருத்துவர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் கண்டிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்துச் சேம்சு பிப்பு என்னும் எட்டகவைச் சிறுவனின் கையில் கீறி வைத்தார். பின்னர் அவனுக்குப் பெரியம்மைச் சீழையே வைத்துப் பார்த்தும் நோய் பற்றவில்லை. ஆவிலிருந்து வந்ததால் 'வாக்சின்' ஆயிற்று. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகட்குப் பின் பாசுச்சர் வேறு நோய்களுக்கும் தடுப்பு மருந்து கண்டபோது, சென்னரின் பெருமை கருதி அவற்றுக்கும் அப்பெயரையே வைக்கச் சொன்னார். நாமோ அதனைத் தடுப்பூசி என்றோம். செய்யும் தொழிலே பெயராயிற்று. அதற்கு முன் 'அம்மைப்பால்' என்ற சொல்லும் வழங்கியது. எனக்கு அச்சொல்லின்மீது தனிக் காதல் உண்டு.

அந்த அம்மைப்பால் கடல் கடந்த கதை பெருங்கதை. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். கொப்புள நீர் வழியிலேயே காய்ந்து கெட்டுவிடும். எனவே ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்து மறு குழந்தையின் கையில் வைத்து, அதன் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து அடுத்த குழந்தைக்கு என்று உயிருள்ள உடல்களின் வழியாகவே அதனைக் கொண்டுவந்தனர். 1803இல் இசுபானிய நாட்டுக் கப்பலொன்று தாய்தந்தையற்ற சிறுவர் 22 பேரை ஏற்றிக்கொண்டு அமெரிக்கக் கரைக்குச் சென்றது. அச்சிறுவர்களின் கைகளே மருந்துக் குப்பிகள். நம் பக்கத்துக்குப் பாக்தாது, பாசுரா வழியாக வந்தது. 1802 சூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா துசுத்தால் என்னும் மூன்றகவைக் குழந்தைக்கு முதன்முதல் வைக்கப்பட்டது. அக்குழந்தையின் கையிலிருந்தே இந்நாடு முழுமைக்கும் அது பரவிற்று.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

கையிலிருந்து கைக்கு என்றால் என்ன பொருள்? ஒரு சாதிக் குழந்தையின் நீர் மறு சாதிக் குழந்தையின் குருதியில் கலக்கும் என்று பொருள். சாதிப் பித்தர்கள் விடுவார்களா? உயர்ந்தோர் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டோர் கையை நீட்ட மறுத்தனர். அம்மையைத் தெய்வத்தின் வருகையாகக் கருதிய எளிய மக்களும் அஞ்சினர். இவர்களை எப்படி இணங்கச் செய்வது என்று சென்னையில் ஆட்சி செய்த வெள்ளையர் எண்ணினர். அவர்களுள் ஒருவர்தாம் நம் எல்லீசர்.

எல்லீசரைப் பற்றி இந்த அவைக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. சென்னர் ஊசி குத்திய அதே 1796இல் கும்பினிப் பணிக்குச் சென்னையில் அமர்ந்தவர். குறளில் தோய்ந்து அதன் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் உரை வரைந்தவர். கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்னரே, 1816இல், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் கிளைகள் அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்று சான்று காட்டி நிறுவியவர். நாம் நெஞ்சில் வைத்துப் போற்றும் பெரியார். அவர் உயிர் நீத்தது எங்கே தெரியுமா? இதே இராமநாதபுரத்தில், 1819 (திருவள்ளுவராண்டு 1850) மார்ச்சு 10ஆம் நாள். ஏடு தேடி வந்த இடத்தில் இறந்தார். நாம் இன்று கூடியிருக்கும் இந்த ஊரின் மண் அவர் இறுதி மூச்சைக் கண்ட மண்.

அந்த எல்லீசர் அம்மைப்பாலைப் பற்றித் தமிழில் ஒரு கதை எழுதினார். தெய்வ மருத்துவனான தன்வந்திரியும் அம்மைத் தெய்வமும் உரையாடுவதுபோல் அமைந்தது அது. ஆவின்வழி வரும் இந்த மருந்து தெய்வமே அருளிய கொடை என்பது அதன் சாரம். கதை கதையாகவே இருந்திருந்தால் குற்றமில்லை. ஆனால் அவர் இறப்பதற்கு இரண்டு திங்களுக்கு முன், 1819 சனவரி 12ஆம் நாள், 'மதராசு கூரியர்' என்னும் சென்னை ஆங்கில இதழில் ஒரு மடல் வெளிவந்தது. தன்வந்திரி இயற்றிய பழைய வடமொழி நூலொன்றில் இந்த மருத்துவம் முன்னரே சொல்லப்பட்டிருக்கிறது, ஆவின் மடிக் கொப்புளத்து நீரை ஊசிமுனையில் எடுத்து மேற்கையில் குத்துக என்று அந்நூல் விதிக்கிறது என்று அம்மடல் கூறிற்று. கீழே இட்டிருந்த பெயர் என்ன? 'கல்வி விரும்பன்'! ஆங்கில இதழில், ஆங்கில மடலில், ஆங்கில எழுத்தில் எழுதிய தூய தமிழ்ப் பெயர்.

அப்படி ஒரு நூல் இல்லை. அந்தச் சுவடியை எவரும் கண்டதில்லை. மக்களை இணங்கச் செய்தற்பொருட்டு நல்லெண்ணத்தோடு புனைந்த பொய் அது என்று தொமினிக் வுயாசுடிக் என்னும் ஆய்வாளர் 1987இல் விளக்கி எழுதினார். மடலை எழுதிய கை எல்லீசருடையதே என ஆராய்ந்தோர் கருதுவர். பொய்யின் ஆயுளைப் பாருங்கள்! எழுதியவர் இரண்டு திங்களில் மாண்டார். எழுதிய பொய்யோ ஐரோப்பிய மருத்துவ நூல்களில் ஏறிற்று. அங்கிருந்து நம்மவர் எடுத்து, 'சென்னருக்கு முன்னரே நம் முன்னோர் கண்டது' என்று மார்தட்டினர். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அது சாகவில்லை.

இதோ, இங்கேதான் என் கடன் வருகிறது. அந்தப் பொய்யை நானும் சொன்னேன்.

பல ஆண்டுகட்கு முன், பாம்பன் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில் பொங்கல் விழாக் கூட்டம். தமிழர் பெருமையைப் பேச அழைத்திருந்தனர். 'வடமொழி நூல்' என்று அச்செய்தியில் இருந்ததை நான் 'நம் சித்தர் நூல்' என்று மாற்றிக்கொண்டேன். பொய்க்குமேல் பொய். சித்தர்கள் அம்மைத் தடுப்பை அன்றே கண்டனர், வெள்ளையன் களவாடிப் பெயர் மாற்றிக்கொண்டான் என்று முழங்கினேன். கைத்தட்டல் கடலலையை விஞ்சிற்று. நானும் மகிழ்ந்து வீடு திரும்பினேன்.

2017 பிப்பிரவரி. தட்டம்மைக்கும் உரூபெல்லா என்னும் நோய்க்கும் சேர்த்து, ஒன்பது திங்கள் முதல் பதினைந்து அகவை வரை உள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் தமிழ்நாட்டில் ஊசி போடத் தொடங்கினர். பள்ளிக்கூடங்களிலேயே போட்டனர். நாள் குறித்ததும் புலனம் என்று நாம் அழைக்கும் வாட்சப்பில் பொய்ச்செய்திகள் பறந்தன. பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் என்றது ஒன்று. அயல்நாட்டான் நம் பிள்ளைகள்மீது ஆய்வு செய்கிறான் என்றது மற்றொன்று. தமிழ்நாடெங்கும் பெற்றோர் அஞ்சினர். குறித்த நாளில் முடியாமல் அரசு நாளை நீட்டிக்க நேர்ந்தது. என் வகுப்பில் ஊசி நாளன்று பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வராத ஒரு பெண்ணின் தந்தையைத் தேடிக் கரைக்கே போனேன். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று வணங்கினார், பணிவோடுதான் பேசினார்.

'ஐயா, நீங்கதான அன்னைக்கு மேடையில சொன்னீக, நம்ம சித்தருக எல்லாத்தையும் முன்னாடியே கண்டுபிடிச்சு வச்சாக, வெள்ளக்காரன் திருடிக்கிட்டான்னு. திருட்டுப் பொருள எதுக்குய்யா எம் பிள்ளைக்குக் குத்தணும்? வேப்பிலை இருக்கு, ஆத்தா இருக்கா. போதும்ய்யா.'

என்னிடம் விடையில்லை. 'அன்று நான் சொன்னது பிழை' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நா எழவில்லை. அவர்தம் தோழர் நால்வர் சுற்றி நின்றனர். ஆசிரியன் என்னும் செருக்கு தொண்டையை அடைத்தது. பொதுவாக இரண்டு சொல் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் திங்களில் போட வேண்டிய ஊசியும் விடுபட்டிருந்தது. அப்போது குடும்பமே கேரளக் கரைக்குத் தொழிலுக்குப் போயிருந்ததாம். மறு ஆண்டு மணல்வாரி கண்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் காதில் சீழ் கட்டி, இரு செவியும் மந்தமாயின. வகுப்பில் நன்றாகச் செய்யுள் ஒப்பிக்கும் பெண். அதன்பின் நான் பாடம் நடத்தும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். புலனச் செய்திகள் ஆயிரம் இருக்க, என் மேடைப்பேச்சு ஒன்றுதான் கரணியம் என்று நான் சொல்ல மாட்டேன். அது வேறொரு வகைச் செருக்கு. ஆனால் அதில் எனக்குப் பங்கில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மைக்குரிய இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடம் கொடுத்தாரே, எல்லீசர் அதன்படிதானே செய்தார் என்று நண்பர் ஒருவர் என்னிடம் வழக்காடினார். எல்லீசர் குறளறிந்தவர், அவ்வாறு எண்ணியும் இருக்கலாம். ஆனால் அந்தக் குறளில் உள்ள கட்டு மிகக் கடுமையானது. நன்மை வரவேண்டும், அதில் குற்றத்தின் நிழலும் இருத்தலாகாது. இருநூறு ஆண்டு கழித்து ஒரு குப்பத்தில் அந்தப் பொய் என்ன செய்யும் என்று எல்லீசரால் எப்படி அளந்திருக்க முடியும்? எவரால்தான் முடியும்? உண்மையான பெருமை நமக்குக் குறைவா? சித்த மருத்துவத்தின் மூலிகையறிவு மெய். அம்மை கண்டவரைத் தனியறையில் இருத்தி, வேப்பிலை கட்டி, அயலார் புகாமல் காத்த ஒழுக்கம் மெய். தொற்றைத் தடுக்கும் அறிவு அந்த ஒழுக்கத்துக்குள் இருந்தது. இல்லாத ஏட்டைக் காட்டித்தான் நாம் உயர வேண்டுமா?

அதே வேளையில், ஊசிக்கு அஞ்சுவோர் எல்லாரையும் அறிவிலிகள் என்று பழிப்பாரோடும் நான் சேர மாட்டேன். அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. இங்கிருந்து சிறிது தொலைவில் மண்டபம் முகாம் இருக்கிறது. முகாம் தமிழ்ச் சொல் அன்று. ஆனால் ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்டது. அது எதற்கு எழுந்த இடம்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஏழை மக்களை ஏற்றுமதி செய்வதற்கு. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுக்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழரை அம்முகாமில் பல நாள் அடைத்து வைத்தனர். நோயுண்டா என்று உடலைச் சோதித்தனர், அம்மைப்பால் குத்தினர், பின்னரே கடல் கடக்க விட்டனர். அந்த ஊசி அவர்களைக் காத்தது, ஐயமில்லை. ஆனால் குத்தியவன் அவர்கள்மீது இரக்கங்கொண்டா குத்தினான்? தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கை குறையலாகாது, துரைமார் வீட்டுக்கு நோய் பரவலாகாது என்பதற்காகக் குத்தினான். ஒரே ஊசி காப்பாகவும் கால்விலங்காகவும் இருந்தது. மக்களின் நினைவில் தங்கியது எது?

இராசாசியையும் நினைத்துப் பார்க்கிறேன். 1938இல் இந்தியைத் திணித்தவர். அவரிடம் நமக்குள்ள வழக்கு தீராத வழக்கு. ஆயினும் 1955இல் என்புருக்கிக்கான பி.சி.சி. ஊசியை நாடெங்கும் போடுவதை எதிர்த்து அவர் நூலே எழுதினார். நாட்டோர் நகைத்தனர். பின்னர் நடந்தது என்ன? 1968இல் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலக்கம் பேருக்கு மேற்பட்டோரிடம் அவ்வூசியைப் பெரிய அளவில் ஆய்ந்து பார்க்கத் தொடங்கினர். வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரல் என்புருக்கியை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. உலகமே திகைத்தது. அவர் அஞ்சியவாறு ஊசி தீங்கு செய்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் அதன் பயனைப் பற்றிக் கேள்வி கேட்டது பிழையன்று என்று ஆயிற்று. குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய என்புருக்கியை அது தடுக்கிறது. அதனால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். அறிவியலின் நேர்மை இதில்தான் இருக்கிறது. தன் மருந்து தோற்றது என்பதைத் தானே ஆய்ந்து தானே அச்சிட்டு உலகுக்குச் சொல்லிற்று. கல்வி விரும்பனின் மடலில் இல்லாத நேர்மை அது.

2008 ஏப்பிரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் குழந்தைகள் நால்வர் இறந்தனர். எந்தத் தாய் மறப்பாள்? அதன்பின் சிற்றூர்களில் போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நலவாழ்வு நிலையத்துக்கே குழந்தையைக் கொண்டுவர வேண்டும் என்றனர். அது காப்புக்கென்று செய்த மாற்றந்தான். ஆனால் கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் காசு கூடிற்று. ஊசி விடுபடும் குழந்தைகள் பெருகினர். தட்டம்மை எளிதில் பரவுவது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்க்குக் காப்பு இருந்தால்தான் மீதி ஐவரும் தப்புவர். 2023ஆம் ஆண்டில்கூட உலகில் ஏறத்தாழ 1,07,500 பேர் அதற்கு இரையாயினர். பெரும்பாலோர் ஐந்தகவை நிரம்பாத பிள்ளைகள். மறுபுறம், 1974 முதல் ஐம்பது ஆண்டுகளில் தடுப்பூசிகள் காத்த உயிர்கள் 15 கோடியே 40 இலக்கம் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு கணக்கிட்டுள்ளது. இரண்டு கணக்கையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் நம் உடன்பிறந்தார் மண்ணில் போர் நடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். குண்டுகள் விழுந்த அந்நாளிலும், 1995 முதல், குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரு தரப்பும் குறித்த நாள்களில் சுடுதலை நிறுத்தின. அமைதி நாள்கள் என்று அதற்குப் பெயர். எத்தனையோ பேச்சுகளால் நிறுத்த முடியாத துமுக்கிகளை இரண்டு சொட்டு மருந்து ஒரு நாளேனும் நிறுத்தி வைத்தது. இலங்கையில் 1993க்குப் பின் அந்நோய் இல்லை. தமிழ்நாட்டில் 2004க்குப் பின் இல்லை. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்கத்து ஆவுராவில் காணப்பட்ட குழந்தை.

இவ்வளவும் சொன்னேன், இனி நாம் சினங்கொள்ள வேண்டிய இடத்தையும் சொல்கிறேன். பொய்ப்பெருமைக்கு நாம் ஏன் அலைகிறோம்? மெய்யான பெருமை நம் மண்ணில் கல்லும் கட்டடமுமாக நிற்கிறது. கிண்டியில் கிங் நிலையம் 1899இல் அம்மைப்பால் செய்வதற்கென்றே எழுந்தது. கன்றின் மேனியில் அதனை வளர்த்து நாட்டுக்கு வழங்கியது. கையிலிருந்து கைக்கு என்னும் துன்பமும் சாதிப் பூசலும் கன்றுப்பாலால்தான் ஒழிந்தன. குன்னூரில் பாசுச்சர் நிலையம் 1907இல் தோன்றியது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தந்தது. கிண்டியிலேயே பி.சி.சி. ஆய்வகம் 1948இல். சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான அம்மை நோயாளிகளைக் கண்ட மருத்துவர் அ. இராமச்சந்திர ராவ் 1972இல் எழுதிய பெரியம்மை நூலை உலகம் ஏற்றுப் போற்றியது. இவை எவர் புனைந்த ஏட்டிலும் இல்லை, கண்ணால் காணலாம்.

அவற்றுக்கு நேர்ந்தது என்ன? 2008 சனவரியில் ஒன்றிய அரசு குன்னூர், கிண்டி நிலையங்களின் ஆக்க உரிமத்தை நிறுத்தியது. இமாசலத்துக் கசௌலி நிலையத்தின் உரிமத்தையும் நிறுத்தியது. ஆக்க முறைகள் உரிய தரத்தில் இல்லை என்றனர். தரம் வேண்டும், மறுப்பாரில்லை. தரம் குறைந்தால் செப்பனிடுவதா, கதவைப் பூட்டுவதா? ஒரு நூற்றாண்டு பொதுச்சொத்தாக இருந்தது ஓரிரவில் முடங்க, நாடு தனியாரிடம் கையேந்திற்று. கூக்குரல் எழுந்த பின்னர் 2010 பிப்பிரவரியில்தான் உரிமம் மீண்டது. செங்கற்பட்டில் பல நூறு கோடி உரூபாய் கொட்டித் தடுப்பூசி வளாகம் ஒன்றைக் கட்டினர். 2021இல் கொரோனா தீநுண்மி மக்களைக் கொன்று குவித்தபோது, ஊசிக்காக மக்கள் வரிசையில் நின்றபோது, அந்த வளாகத்திலிருந்து ஒரு குப்பியும் வெளிவரவில்லை. அந்த ஆண்டு மே திங்களில் தமிழ்நாட்டு முதலமைச்சர் நேரில் சென்று பார்த்து, எங்களிடம் குத்தகைக்காவது தாருங்கள் என்று கேட்டார். நம் நிலத்தில், நம் வரிப்பணமும் சேர்ந்து எழுந்த கட்டடத்தை நாமே குத்தகைக்குக் கேட்கும் நிலை!

அதே 2021 சூனில் ஊசிக்குப் பதிவு செய்யும் கோவின் வலைத்தளத்தை மாநில மொழிகளில் வெளியிட்டனர். தமிழ் இல்லை. நாம் குரல் எழுப்பிய பின்னர்ச் சேர்த்தனர். இதனைச் சிறு செய்தி என்று தள்ளாதீர்கள். ஒருவன் தன் குழந்தையின் உடலுக்குள் செலுத்தப்படுவது என்ன, ஏன், என்ன நேரலாம் என்று தன் மொழியில் கேட்டறிய முடியாவிட்டால், அவன் மொழியில் வரும் பொய்யைத்தான் நம்புவான். புலனப் பொய் தூய தமிழில் வந்தது, நண்பர்களே! மெய் ஆங்கிலத் துண்டறிக்கையில் உறங்கிற்று. இங்கேதான் நம் போன்றோர்க்கு வேலை இருக்கிறது. நோய்ப்பெயர்களை எவ்வளவு அழகாக வைத்த மொழி இது! உரூபெல்லா என்று நானும் இன்று அயற்சொல்லையே சொன்னேன். கருவுற்ற தாய்க்கு வந்தால் பிறக்கும் குழந்தையின் கண்ணையும் செவியையும் நெஞ்சையும் கெடுக்கும் நோய் அது. அதற்குத் தாய்மார் நாவில் நிற்கும் ஒரு பெயர் நம்மிடம் இன்னும் இல்லை. சொல்லாக்கத்தில் வல்லோர் இங்கே இருக்கின்றீர்கள்.

இனி ஒன்றே ஒன்று. அந்தப் பாம்பன் பக்கத்துக் குப்பத்துக்குச் சென்ற திங்கள் மீண்டும் போனேன். பெண்ணின் தந்தை இப்போதும் அங்கேயே இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. அன்று மேடையில் நான் சொன்னது பொய் என்று அவரிடம் சொன்னேன். நெடுநேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேய்யா' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காப்பி வாங்கிவரச் செய்து கொடுத்தார், குடித்தேன்.

அவ்வூரில் ஊசி விடுபட்ட குழந்தைகள் பதினொருவர் இருக்கின்றனர் என்று ஊர்ச் செவிலியர் பெயரெழுதி வைத்திருக்கிறார். புதன்கிழமைதோறும் வருகிறார். புதன் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள். ஆண்கள் ஊரில் இரார். அவர்கள் சொல்லாமல் பெண்கள் கையை நீட்ட அஞ்சுகின்றனர். எனவே படகு கரையில் நிற்கும் வருகிற ஞாயிறு மாலையில் நான் போய், எந்த மேடையில் பொய் சொன்னேனோ அதே இடத்தில் நின்று பேசுவதாக ஊர்த்தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். செவிலியரும் வர இசைந்துள்ளார். தனியாகப் போகக் கால் கூசுகிறது. இந்த அவையிலிருந்து இருவர் உடன் வந்தால் நலமாயிருக்கும். நான்கு மணிப் பேருந்தில் புறப்படுகிறேன். வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.